செம்பாட்டு மண்ணில் சல்வியா

இந்த மாசியில் எங்கள் வளவின் மதிலோரப் பாத்தியில் மூன்று வகைச் சல்வியாக்கள் ஒரே நேரத்தில் பூத்து நிற்கின்றன. படலைக்கு அருகே மாமரத்தின் நிழல் விழும் இடத்தில் குட்டையான கடுஞ்சிவப்பு. அதற்கு அப்பால், காலை முதல் மாலை வரை வெயில் எரிக்கும் திறந்த இடத்தில் நீலம். கிணற்றடிக்குப் போகும் வழியில், நான் நடாமலே தானாக முளைத்து இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்ட, மெல்லிய தண்டுடைய இன்னொரு சிவப்பு. தெருவால் போகிறவர்கள் நின்று கேட்பது பெரும்பாலும் முதலாவதைப் பற்றித்தான். "உது நுவரெலியாப் பூவெல்லோ, இஞ்சை எப்பிடி நிக்குது?" என்று குளிர்மலை ஊரான நுவரெலியாவை நினைத்துக் கேட்பதே வழக்கம். அந்தக் கேள்விக்குப் படலையடியில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய விடை என்னிடம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலுள்ள இணுவிலில் ஆறு வருடங்களாகச் சல்வியா வளர்க்கிறேன். அந்த ஆறு வருடங்களில் சாகக்கொடுத்த கன்றுகள் நூறைத் தாண்டும். அவற்றில் அரைவாசிக்கு மேல் முதலிரண்டு வருடங்களில் செத்தவை. சல்வியா என்பது ஒரு செடி, அதற்கு ஒரு மண், ஒரு தண்ணீர்க் கணக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. உண்மையில் அந்த ஒரு பெயருக்குள் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதியளவு நடு, தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. மற்றவை மத்தியதரைக்கடற் கரைகளிலும் மத்திய ஆசியாவிலும் கிழக்காசியாவிலும் வளர்கின்றன. குளிர்மலைக் காட்டில் பிறந்ததையும் சுண்ணாம்புக்கல் மேட்டில் பிறந்ததையும் ஒரே பாத்தியில் அருகருகே நட்டு, இரண்டுக்கும் ஒரே வாளியால் தண்ணீர் ஊற்றினால், ஒன்றாவது சாகத்தான் செய்யும்.

பெயர் அந்நியமாகத் தோன்றினாலும் செடி நமக்குத் தூரத்து உறவல்ல. துளசி, தும்பை, கற்பூரவள்ளி, திருநீற்றுப்பச்சை எல்லாம் சேர்ந்த குடும்பத்தில்தான் சல்வியாவும் இருக்கிறது. தண்டை இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்து உருட்டிப் பார்த்தால் அது உருளாது; நான்கு பட்டை கையில் தட்டும். துளசித் தண்டிலும் அதே நான்கு பட்டை உண்டு. இலைகள் சோடி சோடியாக, ஒரு சோடிக்கு அடுத்த சோடி குறுக்காக நிற்கும். பூவுக்கு மேலுதடு ஒன்று, கீழுதடு ஒன்று. என்னுடைய ஆச்சி இதைக் கண்டிருந்தால் தும்பைப் பூவுக்குச் சிவப்புச் சாயம் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார். இலத்தீனில் நலமாக்குதல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து சல்வியா என்ற பெயர் வந்தது என்கிறார்கள். அந்தப் பெயர் ஐரோப்பியர் சமையலுக்கும் மருந்துக்கும் வைத்துக்கொண்ட இனத்துக்குப் பொருந்தும். எங்கள் முற்றத்துப் பூச்செடிகளுக்கு அப்படி ஒரு பயனும் இல்லை. அம்மாவின் நிரந்தர முறைப்பாடும் அதுதான்: "சாமிக்கும் வைக்கேலாது, தலையிலையும் வைக்கேலாது, உதுக்கு இவ்வளவு தண்ணியோ?" செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் அம்மா ஊற்றும் தண்ணீரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை.

எல்லோரும் கேட்கும் அந்தக் குட்டைச் சிவப்பு, சல்வியா ஸ்பிளெண்டென்ஸ். பிறேசிலின் மலைக்காடுகளுக்குரிய செடி அது. காட்டில் ஒரு மீற்றருக்கு மேல் வளரக்கூடியதை, ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன பிறகு தெரிந்தெடுத்துத் தெரிந்தெடுத்து, ஒரு முழத்துக்கும் குறைவான பாத்திச் செடியாக்கி விட்டார்கள். நாம் பார்த்து வியக்கும் சிவப்பில் பெரும்பங்கு பூவிதழினுடையதன்று. பூவைத் தாங்கும் புல்லிவட்டமே சிவப்பாக இருக்கிறது. குழல்போன்ற இதழ் சில நாளில் கழன்று விழுந்துவிடும். புல்லிவட்டம் மட்டும் வாரக்கணக்கில் நிறம் மாறாமல் தண்டில் நிற்கும். தெருவிலிருந்து பார்ப்பவருக்குச் செடி எப்போதும் பூத்திருப்பதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். விழுவதற்கு முன் அந்தக் குழலை மெல்ல இழுத்தெடுத்து அடியை உறிஞ்சினால் ஒரு சொட்டு இனிப்பு கிடைக்கும். வெட்சிப் பூவில் தேன் குடித்து வளர்ந்த எவருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

முதல் வருடம் இதன் கன்றுகள் 24 ஐ விலைக்கு வாங்கி, நல்ல செம்பாட்டு மண்ணில் மாட்டெரு கலந்து, வெயில் படும் இடத்தில் நட்டேன். இரண்டு வாரத்தில் இளம் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சையாக, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி எலுமிச்சை நிறமாக, ஒவ்வோர் இலையும் பச்சை நூலில் பின்னிய வலையைப்போல இருந்தது. எரு போதவில்லை என்று நினைத்து இன்னும் எரு வைத்தேன். இலையின் ஓரங்கள் கருகின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். பங்குனி பிறப்பதற்கு முன் 19 கன்றுகள் போய்விட்டன.

காரணம் அடுப்படியில் இருந்தது. எங்கள் கேத்திலின் உட்புறத்தில் மாதத்துக்கு ஒருமுறை சுரண்டியெடுக்க வேண்டிய வெள்ளைப் படிவு பிடிக்கும். வலிகாமத்தில் அது பிடிக்காத கேத்தில் இல்லை. குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதனூடாக ஊறித்தான் நமது கிணறுகளுக்கு வருகிறது. ஒவ்வொரு நாளும் அந்தக் கிணற்று நீரை ஊற்றும்போது கேத்திலில் படியும் சுண்ணாம்பில் ஒரு பங்கு பாத்தியிலும் படிகிறது. மண்ணின் காரத்தன்மை கூடுகிறது. மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாமற் போகிறது. இளம் இலை நரம்பிடையில் வெளிறுவது அந்த இரும்புப் பஞ்சத்தின் அடையாளம். நமது மண் சிவப்பாக இருப்பதே இரும்பினால்தான். சோற்றுப்பானைக்குள் இருந்துகொண்டே பட்டினி கிடப்பதைப்போல, இரும்பு நிறைந்த மண்ணில் நின்று இரும்பில்லாமல் செடி வெளிறுகிறது. சற்றுப் புளிப்பான, இலைமக்கு நிறைந்த காட்டு மண்ணுக்குப் பழகிய பிறேசில் செடிக்கு இதைத் தாங்க இயலாது. ஆனால் அதே கிணற்று நீரில் புகையிலையும் வெங்காயமும் தலைமுறை தலைமுறையாக விளைந்திருக்கின்றன. தண்ணீரைப் பழி சொல்லிப் பயனில்லை.

இப்போது ஸ்பிளெண்டென்ஸ் வகையை நிலத்தில் நடுவதை விட்டுவிட்டேன். பாத்தியில் நிற்பதுபோலத் தெரிவது எல்லாம் மண்ணுக்குள் கழுத்துவரை புதைத்த பூச்சாடிகள். செம்மண் ஒரு பங்கு, நன்றாக உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூளை வாங்கிய கையோடு பயன்படுத்தக்கூடாது. அதில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் சாக்கில் கட்டி இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். கூரைப் பீலியிலிருந்து விழும் மழைநீரை 1000 லீற்றர்த் தாங்கி ஒன்றில் பிடித்து வைத்திருக்கிறேன். அது முழுவதும் இந்தச் சாடிகளுக்கு மட்டுமே. பங்குனி நடுப்பகுதியில் தாங்கி வெறுமையாகும். சாடிகளும் ஏறக்குறைய அதே நேரத்தில் முடிவுக்கு வரும். காலை வெயில் மட்டும் படும் இடம் வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு மாமர நிழல் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூ இரண்டு நாளில் வெளுத்து, பழைய மெழுகுதிரியின் நிறத்துக்கு வந்துவிடும்.

நீலத்துக்கு இந்த உபசாரம் ஒன்றும் வேண்டியதில்லை. சல்வியா ஃபரினேசியா என்பது அதன் பெயர். ரெக்சாஸிலும் மெக்சிக்கோவிலும் சுண்ணாம்புக்கல் மேடுகளில் தானாக வளர்வது. அதை வாசித்த அன்று எனக்கு வந்த சந்தோசத்தை, கலியாணப் பேச்சில் மாப்பிள்ளையின் ஊர் தெரிந்ததும் பெண்வீட்டாருக்கு வரும் சந்தோசத்தோடுதான் ஒப்பிட முடியும். இலத்தீனில் மாவைக் குறிக்கும் சொல்லே ஃபரினேசியா ஆயிற்று. பூந்தண்டையும் புல்லிவட்டத்தையும் அருகில் வைத்துப் பார்த்தால், யாரோ இடியப்ப மாக்கையால் தடவிவிட்டதுபோல வெண்ணிறப் பூச்சு தெரியும். அது துகளன்று, மிகச் சிறிய மயிர்கள். செடி முழங்கால் உயரம் வளரும். பூ முழுநீலமல்ல, ஊதா கலந்த நீலம். விக்ரோரியா என்ற வகை பரவலாகக் கிடைக்கிறது. வெள்ளை நிறத்திலும் வகை உண்டு, ஆனால் நமது வெயிலில் வெள்ளை எடுபடுவதில்லை என்பது என் எண்ணம். கிணற்று நீரையே ஊற்றுகிறேன், இலை மஞ்சளாவதில்லை. சோளகம் வீசி மண்ணைக் காயவைக்கும் ஆனி, ஆடியிலும் பச்சை குறையாமல் நிற்கிறது. பூ மட்டும் குறையும். பூந்தண்டுகளை வெட்டித் தலைகீழாகக் கட்டித் தூக்கினால் காய்ந்த பின்னும் நிறம் நிற்கும். வீட்டு விறாந்தையில் கடந்த வருடத்துக் கட்டு ஒன்று இன்னும் தொங்குகிறது.

இந்த நீலப் பூவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காலை எட்டு மணியளவில், புதிதாக விரிந்த பூவொன்றைப் பறித்துக்கொண்டு, தென்னோலை ஈர்க்கின் நுனியை அதன் வாய்க்குள் மெல்ல விட்டுப் பாருங்கள். மேலுதட்டுக்குள் ஒளிந்திருந்த, மகரந்தத்தைத் தாங்கும் கேசரம் கீழே வளைந்து இறங்கி ஈர்க்கைத் தொடும். ஈர்க்கை வெளியே எடுத்தால் அது மறுபடி மேலே போய்விடும். ஈர்க்கின் மேற்புறத்தில் மகரந்தம் ஒட்டியிருக்கும். நமது பழைய துலாவின் பொறிமுறைதான் இது. கேசரத்தின் ஒரு முனை பூவின் வாயை மறித்துக்கொண்டிருக்கிறது. தேனீ தேனுக்காகத் தலையை நுழைத்து அந்த முனையை முட்டும்போது, நடுவிலுள்ள கீலில் சுழன்று மறுமுனை கீழிறங்கி அதன் முதுகில் மகரந்தத்தைப் பூசுகிறது. இரண்டொரு நாள் மூத்த பூவில், மகரந்தத்தை ஏற்கும் சூலகமுனையான குறி நீண்டு வாசலுக்கு நேரே தொங்கும். மகரந்தத்தோடு வரும் தேனீயின் முதுகு அதில் உரசும். ஸ்பிறெங்கெல் என்ற ஜெர்மானியர் சல்வியாவின் இந்தத் துலாவைப் படத்தோடு 1793 இலேயே எழுதிவைத்திருக்கிறார். அக்காவின் மகள் ஒரு விடுமுறைக் காலையில் ஈர்க்கும் கையுமாக இருந்து 11 பூக்களை நாசமாக்கினாள். நான் தடுக்கவில்லை, எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

எல்லாப் பூச்சியும் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. உத்தரத்தில் துளைபோடும் பெரிய கருவண்டு வாசலால் வராமல் குழலின் அடியில் வெளியிலிருந்து கீறித் தேனைக் குடித்துவிட்டுப் போகிறது. குழலின் அடியில் சின்னக் கீறல் இருந்தால் அது களவு போன பூ.

மூன்றாவது, கிணற்றடிச் சிவப்பு: சல்வியா கொக்சீனியா. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்பிளெண்டென்ஸ் கண்ணுக்கு முன்னால் நின்று கத்தும். இது அப்படிச் செய்யாது. பூக்கள் தண்டில் இடைவெளி விட்டுச் சுற்றுச் சுற்றாக நிற்கும். புல்லிவட்டம் பச்சையோ கருஞ்சிவப்போதான். இதழ் விழுந்துவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது. மெக்சிக்கோவையும் ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரத்தையும் சேர்ந்த செடி. மணலுக்கும் சூட்டுக்கும் பழகியது. லேடி இன் ரெட் என்ற வகை, புதிய தோட்டச்செடி வகைகளுக்கு அமெரிக்காவில் கொடுக்கும் ஓல் அமெரிக்கா செலெக்சன்ஸ் விருதை 1992 இல் பெற்றது. நான் முதலில் விதைத்ததும் அதுதான். அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது பாத்தியில், வாய்க்கால் ஓரத்தில், துவைகல்லுக்குப் பின்னால் என்று நினைத்த இடத்தில் முளைக்கின்றன. தலைமுறைக்குத் தலைமுறை உயரம் கூடிக்கொண்டு போவதாக எனக்குப் படுகிறது. இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த கோரல் நிம்ஃப் என்ற இன்னொரு வகையும் இதே இனந்தான். அதையும் இரண்டு வருடம் வைத்திருந்தேன். பக்கத்தில் சிவப்பு நின்றதாலோ என்னவோ, மூன்றாம் வருடம் முளைத்தவற்றில் அந்த நிறத்தைக் காணவில்லை.

வேலணையில் இருக்கும் மச்சாளுக்கு மூன்று வகையிலும் கன்று கொடுத்தேன். அங்கே மணல், கிணற்று நீரில் உவர். ஸ்பிளெண்டென்ஸ் மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. ஃபரினேசியா பூத்தது, ஆனால் குட்டையாகவே நின்றுவிட்டது. கொக்சீனியா மட்டும் பூவரசம் வேலியின் அடியில் பரவி, இப்போது மச்சாள் எனக்கு விதை அனுப்பும் நிலைக்கு வந்திருக்கிறது. தீவுப்பகுதியில் பூச்செடி வைக்க விரும்புவோர் யாராவது இதை வாசித்தால், இந்த ஒன்றிலிருந்து தொடங்கட்டும்.

இந்தச் சிவப்புக் குழல்கள் அவற்றின் சொந்த ஊரில் ஓசனிச்சிட்டுகளுக்காக உண்டானவை. காற்றில் நின்றபடியே சிறகடித்துத் தேன் குடிக்கும் அந்தப் பறவை ஆசியாவில் இல்லை. நம்மிடம் இருப்பது தேன்சிட்டு. அதற்கு இருந்து குடித்தால்தான் வசதி. கொக்சீனியாவின் தண்டோ தேன்சிட்டின் பாரத்தைக்கூடத் தாங்காமல் வளைந்துவிடும். சிட்டு வந்து தண்டில் இருக்கும், தண்டு சாயும், சிட்டு எழும்பிப் பறக்கும், மறுபடி வரும். ஒரு காலை முழுவதும் இந்தக் கூத்து நடந்ததைப் பார்த்துவிட்டு, செடிகளுக்கு நடுவே இரண்டு கிளுவைத் தடிகளை ஊன்றினேன். அடுத்த நாளே ஆண் சிட்டு ஒன்று, கருநீலமாக மினுங்கிக்கொண்டு, தடியில் இருந்தபடி கழுத்தை நீட்டிக் குடிக்கத் தொடங்கியது. அந்தத் தடிகளில் ஒன்று இப்போது வேர்விட்டுத் துளிர்த்திருக்கிறது. அதைப் பிடுங்குவதா விடுவதா என்று தெரியவில்லை.

மற்ற வகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அவற்றோடு என் பழக்கமும் சுருக்கமானதே. தென் அமெரிக்காவின் குவாரனிற்றிகா, கறுப்புப் புல்லிவட்டமும் கடும்நீலப் பூவுமாக, பார்ப்பவரை மயக்குவது. வெட்டுத்தண்டிலிருந்து எளிதாக வேர்விட்டு அரை நிழலில் ஒரு சாடியில் நிற்கிறது, ஆனால் பூவில் கஞ்சத்தனம். மெக்சிக்கோவின் லியூகாந்தாவை, வெல்வெற்றுத் துணிபோன்ற ஊதாப் பூந்தண்டுகளோடு நுவரெலியாவில் ஒரு வீட்டு வேலி முழுவதும் கண்டு ஆசைப்பட்டு, தண்டு வாங்கி வந்தேன். 1800 மீற்றருக்கு மேலே குளிரில் வாழ்ந்த செடிக்குக் கடல் மட்டத்து வாழ்க்கை ஒத்துவரவில்லை. நெட்டையாக, மெலிந்து வளர்ந்து, இரண்டாவது மாரியில் அழுகியது. சமையலுக்குரிய ஒஃபிசினாலிஸ் சுண்ணாம்பு மண்ணை விரும்பும் செடி என்பதால் அதில் நம்பிக்கை வைத்திருந்தேன். மத்தியதரைக்கடல் நாட்டுக்காரனுக்கு மண் பிடித்தது, ஈரக்காற்றுப் பிடிக்கவில்லை. மார்கழியில் சாம்பல் நிற இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன. ரோஸ்மேரியையும் 2017 இல் தாவரவியலாளர்கள் சல்வியாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆகவே அடுப்படி யன்னலருகே சாடியில் நிற்கும் ரோஸ்மேரியையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்; அது ஒன்றுதான் அம்மா குறை சொல்லாத சல்வியா.

விதைப்புக் காலத்தை நான் பிழைபிடித்துப் பிழைபிடித்துத்தான் கற்றேன். விதைப் பொதியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் மாதங்கள் பனி உருகும் நாடுகளுக்கானவை. சித்திரையில் விதைத்தால் நாற்று வெந்துபோகும். புரட்டாதியில் விதைத்தால் கன்று நடும் நேரத்தில் வடகீழ்ப் பருவமழை கொட்டி வேரை அழுக வைத்துவிடும். இப்போது கார்த்திகை விளக்கீட்டை அண்டி, மழை படாத விறாந்தையில் தட்டுகளில் விதைக்கிறேன். தைப்பொங்கல் முடிந்த கையோடு நடுகிறேன். மாசியின் தொடக்கத்தில் முதற்பூ. ஸ்பிளெண்டென்ஸுக்குப் பங்குனி வரை ஆயுள். கொக்சீனியா நல்லூர்த் திருவிழா தாண்டியும் பூக்கும். ஃபரினேசியாவை ஆடியில் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டால் மறுவருடமும் எழும்பும்.

விதையை மண்ணால் மூடக்கூடாது. ஸ்பிளெண்டென்ஸ் விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். நனைத்த தும்புத்தூளின் மேல் தூவி, விரலால் மெல்ல அழுத்தி, மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்தால் போதும். தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் விதையைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலம் ஊதி எழும்பும். சர்பத்தில் போடும் கசகசாவை, அதாவது திருநீற்றுப்பச்சை வகை விதையை, ஊறவைத்தால் வருவதே அது. கடைகளில் சியா என்று விற்கும் விதை ஊறினால் வருவதும் அதுதான். சியாவும் ஒரு சல்வியாவே, ஹிஸ்பானிக்கா என்ற இனம். அந்தப் படலம் விதையை மண்ணோடு ஒட்டவைத்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் விதையை முன்கூட்டியே ஊறவைத்துவிட்டுத் தூவ முயன்றால் எல்லாம் ஒரே கட்டியாக விரலோடு வந்துவிடும்; நான் செய்து பார்த்தேன். பத்து முதல் பதினான்கு நாளில் முளை தெரியும், எறும்பு விட்டால். ஒரு வருடம் 60 விதை தூவி, மறுநாள் காலை வந்து பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. சிற்றெறும்பு வரிசை ஒன்று தட்டிலிருந்து சுவர் வெடிப்பு வரை சென்றுகொண்டிருந்தது. அதன்பிறகு நாற்றுத் தட்டு வைக்கும் வாங்கின் நான்கு கால்களின் கீழும் தண்ணீர் ஊற்றிய சிரட்டை நிற்கிறது.

விதை பழசாகிவிட்டால் முளைக்காது என்பதையும் பணம் கொடுத்துத்தான் அறிந்தேன். அஞ்சலில் வருவித்த பொதியொன்றில் 50 விதைக்கு மூன்று முளைத்தது. கடைக்காரரிடம் கேட்டபோது தண்ணீர் கூடியிருக்கும் என்றார். அதே தட்டில், அதே தண்ணீரில், பக்கத்து வரிசையில் என்னுடைய விதைகள் நிரையாக முளைத்து நின்றன.

நாற்றுக்கு நான்கு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கண்ணுக்குக் கொடுமையாகத் தோன்றும் வேலை. முதலிரண்டு வருடமும் எனக்கு மனம் வரவில்லை, செடிகள் ஒற்றைத் தண்டில் ஒற்றைப் பூவோடு சவுக்குபோல நின்றன. எங்களுக்கு எரு கொண்டுவந்து பறிக்கும் ஐயா, வாழ்நாள் முழுதும் புகையிலை செய்தவர், ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, புகையிலைக்கு நுனி முறிச்சுப்போட்டு, பக்கத்தாலை வாறதையும் முறிப்பம், எங்களுக்கு இலைதானே வேணும். உங்களுக்குப் பூவெல்லோ வேணும். நுனியை நுள்ளிப்போட்டுப் பக்கத்தாலை வாறதை விட்டுவிடுங்கோ." அவர் அந்தச் செடியை வாழ்நாளில் முதல்முறையாக அன்றுதான் கண்டார். அந்தத் தையில் அவர் சொன்னபடியே செய்தேன். ஒரு செடியில் ஆறு, ஏழு பூந்தண்டு வந்தது. எருவைப் பற்றியும் அவர் சொன்னதுதான் சரி: நடுவதற்கு முன் உக்கிய மாட்டெரு ஒரு தரம், பிறகு ஒன்றும் வேண்டாம். பச்சை ஆட்டெருவைத் தாராளமாகப் போட்ட வருடம் ஃபரினேசியா இலையாகவே வளர்ந்து, காற்றுக்குச் சாய்ந்து, பூவை மறந்தது.

நோய் பூச்சியென்று பெரிதாக இல்லை. மாரியில் நத்தை வரும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்கி எடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. கோடையில் ஸ்பிளெண்டென்ஸ் இலையின் அடியில் வெண் ஈ மொய்க்கும். வேப்பெண்ணெயைச் சவர்க்கார நீரில் கலக்கி, வெயில் சாய்ந்த பிறகு அடிப்புறம் படும்படி தெளித்தால் அடங்கும். காலையில் தெளித்து இலையைக் கருக்கிய அனுபவமும் உண்டு.

விதை எடுப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். புல்லிவட்டம் காய்ந்து மண்ணிறமாகும்போது உள்ளே நான்கு விதைகள் கறுத்திருக்கும். ஒருநாள் முந்தினால் விதை முற்றாது, ஒருநாள் பிந்தினால் கிண்ணம் வெறுமை. தண்டை வளைத்து ஒரு தாள் உறைக்குள் விட்டுத் தட்டி எடுப்பதே சுலபம். கடையில் வாங்கிய கலப்பின ஸ்பிளெண்டென்ஸின் விதை தாயைப்போல வராது. உயரமும் நிறமும் கலைந்துவிடும். கொக்சீனியாவிலும் ஃபரினேசியாவிலும் அந்தக் கவலை குறைவு. காய்ந்த விதையைச் சிறிய போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கிறேன். மச்சாள் வேலணையிலிருந்து அனுப்பிய விதையும் அங்கேதான் இருக்கிறது. உறையில் "சிவப்பு" என்று மட்டும் எழுதியிருக்கிறார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு விதை மற்றவற்றைவிடச் சற்று வெளிறிய நிறமாகத் தெரிகிறது. கோரல் நிம்ஃப் கன்றும் அவருக்கு ஒருதரம் கொடுத்திருந்தேன். விளக்கீட்டுக்கு அந்தப் பன்னிரண்டையும் தனித்தட்டில் விதைத்துப் பார்க்க வேண்டும்.